எட்டில் ஒரு குழந்தைக்காக

அரபு மொழியில் கருவிலிருக்கும் சிசுவுக்கு ‘ஜனீன்’ என்று பெயர். மறைந்திருத்தல், மூடப்பட்டிருத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து கிளைத்த சொல் அது. மரங்கள் அடர்ந்து மண்ணை மறைத்த சோலைக்கு ‘ஜன்னத்’. கண்ணுக்குப் புலனாகாத படைப்புக்கு ‘ஜின்’. அறிவை மூடிவிட்ட பித்துக்கு ‘ஜுனூன்’. எல்லாம் ஒரே வேரின் கிளைகளே. இதனை வகுப்பில் விளக்கும்போது, சோலையையும் பித்தையும் கருவையும் ஒரு வேருக்குள் அடக்கிய மொழியின் நுட்பத்தை எண்ணி மாணவர்கள் வியப்பதுண்டு. அண்மைக் காலமாக இச்சொல்லை விளக்கும்போது எனக்குள் ஒரு தயக்கம் தோன்றுகின்றது. ஜனீன் இன்று மறைந்திருக்கவில்லை. கெங்கவல்லியிலிருந்து பேருந்தேறி ஆத்தூர் சென்று, ஒரு ஸ்கேன் நிலையத்தின் இருட்டறையில் படுத்திருக்கும் தாய், தன் வயிற்றுக்குள் ஓர் இதயம் துடிப்பதைத் திரையிலே கண்ணாரக் காண்கின்றாள்.

காணும் கண்ணெல்லாம் கருணைக் கண் அன்று என்பதை எங்கள் மாவட்டத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெண் மகவு பிறந்தால் அதன் வாயில் கள்ளிப்பால் ஊற்றும் கொடுமை நிகழ்ந்த பகுதிகளுள் சேலமும் ஒன்று என்று நாடே பேசிய காலம் உண்டு. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் தொட்டில் கட்டப்பட்டது இந்தச் சேலத்தில்தான். பின்னர் ஸ்கேன் கருவி ஊர்தோறும் பரவியது. பிறந்தபின் கொல்வானேன், பிறக்குமுன்னரே அழித்துவிடலாம் என்னும் வழியும் பரவியது. 1994-இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, 2003-இல் அதனை மேலும் இறுக்கி, கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதைக் குற்றமாக்கியது. இந்தப் பழியின் நிழல் இன்னும் இப்பகுதி ஸ்கேன் அறைகளின் வாசலில் விழுந்தே கிடக்கின்றது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்குத் தேவை உண்டு.

கண் திறந்த இடத்தில் கையும் நீண்டது. 1963-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி என்னும் மருத்துவர், தாயின் இரத்தத்தோடு ஒவ்வாமையால் மடிந்துகொண்டிருந்த ஒரு கருவுக்கு, தாயின் வயிற்றினூடே ஊசி செலுத்தி இரத்தம் ஏற்றினார். அதுவரை பெற்றெடுக்கப்பட வேண்டிய ஒன்றாக மட்டுமே கருதப்பட்ட கரு, அன்றுமுதல் மருத்துவரின் நோயாளியும் ஆயிற்று. அதன்பின் மாத்திரைகளும் ஊசி மருந்துகளும் அந்த நோயாளியை நாடிச் செல்லத் தொடங்கின.

இங்குதான் ஒரு வினா எழுகின்றது. பிறந்த குழந்தைக்கு நோய் என்றால், தாய் மருந்தைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுகின்றாள். பிறவாத குழந்தைக்கு அவ்வாறு புகட்ட இயலாது. தாய் விழுங்க வேண்டும். அவள் இரத்தத்தில் அது கலக்க வேண்டும். நஞ்சுக்கொடியைக் கடக்க வேண்டும். அதன் பின்னரே சிசுவை அடையும். நோய் ஒருவர்க்கு, மருந்து உண்பவர் இன்னொருவர். எவர் எவருக்காக எதனைத் தாங்கலாம்? எவர் கேட்கலாம்? எவர் மறுக்கலாம்? ‘குழந்தையின் நன்மைக்கு’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் இவ்வினாக்கள் அனைத்தும் அடங்கிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவை அடங்கா என்பதே என் கருத்து. ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். அதன் பெயர் டெக்ஸாமெத்தசோன். விலை மலிவான, எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடிய ஸ்டீராய்டு.

முதலில் அது புரியும் நன்மையைச் சொல்லிவிடுகின்றேன். ஆக்லாந்திலேயே கிரஹாம் லிக்கின்ஸ் என்பார் செம்மறியாடுகளை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற ஆட்டுக்குட்டிகள், பிழைக்கவே முடியாத அளவு காலத்துக்கு முன்னர் பிறந்தும் மூச்சுவிட்டதை அவர் கண்டார். அவரும் ராஸ் ஹவி என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, 1972-இல் முடிவை வெளியிட்டனர். அன்று அவர்கள் பயன்படுத்தியது டெக்ஸாமெத்தசோனின் உடன்பிறப்பான பீட்டாமெத்தசோன். குறைமாதத்தில் பிறக்கவிருக்கும் குழந்தையின் நுரையீரல், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருளைச் சுரக்கும் முன்பே வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றது. பிறப்புக்கு முன் தாய்க்கு இம்மருந்தை ஏற்றினால் அந்த நுரையீரல் விரைந்து முதிர்கின்றது. நம் நாட்டில் 2014-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்ட தாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 6 மில்லிகிராம் வீதம் நான்கு ஊசி. மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் கிராமச் சுகாதாரச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டுவிடலாம். பச்சைமலை அடிவாரத்திலிருந்து 108 வண்டி ஏறி, ஆத்தூர் கடந்து, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய ஒரு பெண்ணுக்கு, அந்த ஓர் ஊசியின் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதன்று.

அத்தகைய நல்ல மருந்தும் இடமறியாது கொடுத்தால் என்னாகும் என்பதையும் உலகம் கண்டது. இந்தியா, பாகிஸ்தான், கென்யா, ஜாம்பியா, குவாத்தமாலா, அர்ஜெண்டினா ஆகிய ஆறு நாடுகளின் கிராமப் புறங்களில் இதனைப் பரவலாக்கிப் பார்த்த பெரும் சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. எதிர்பார்த்ததற்கு மாறாக, பச்சிளங் குழந்தைகளின் இறப்பு 1000-க்கு 3 அல்லது 4 என்ற அளவில் கூடிற்று. தாய்மார்க்குத் தொற்றும் மிகுந்தது. ஊசி பெற்ற பெண்களில் பலர் குறைமாதத்தில் பெறவே இல்லை; மாதக் கணக்கும் பல இடங்களில் சரியாக இல்லை; தேவையில்லாத குழந்தைகளை மருந்து சென்று சேர்ந்தது. பின்னர், வசதியுள்ள மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரக் கணக்கை உறுதி செய்து, உண்மையிலேயே விரைவில் பெறவிருந்த தாய்மார்க்கு மட்டும் கொடுத்துப் பார்த்தனர். 2020-இல் வெளிவந்த அச்சோதனையில் இந்தியாவும் ஒரு நாடு. 25 தாய்மார்க்கு மருந்து கொடுத்தால் ஒரு குழந்தையின் உயிர் மிஞ்சியது. ஒரே மருந்து, ஒரே அளவு. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே நின்ற வேறுபாடு, ‘இந்தக் குழந்தைக்கு இது தேவையா?’ என்னும் வினாவுக்கு விடை தெரிந்திருந்ததா இல்லையா என்பதே.

இனி, என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகின்றேன். முன்னர் என்னிடம் ஓதிய ஒருவர், இப்பொழுது ஆத்தூர்ப் பக்கம் சிறு கடை வைத்திருப்பவர், சில மாதங்களுக்கு முன்பு வந்திருந்தார். தாய்மாமன் மகளை மணந்தவர். மூத்த பெண் குழந்தைக்கு ஆறு வயது. அவளுக்குப் பிறவியிலேயே ஒரு நோய். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பியில், கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரப்பதற்கு வேண்டிய ஒரு நொதி அவளுக்கு இல்லை. மருத்துவர்கள் சுருக்கமாக ‘சி.ஏ.எச்.’ என்பர். கார்ட்டிசால் சுரக்காதபோது, சுரப்பி பருத்து, அதற்குப் பதில் ஆண்மை இயக்குநீரை மிகையாகப் பெருக்குகின்றது. அதனால் பெண் சிசுவின் கருப்பையும் சூலகமும் இயல்பாகவே அமைந்திருந்தும், வெளியுறுப்பு மட்டும் ஆணுறுப்பின் சாயலில் உருவாகிவிடுகின்றது. அப்பெண் நாள்தோறும் மூன்று வேளை மாத்திரை விழுங்கிப் பள்ளிக்குச் செல்கின்றாள். காய்ச்சல் வந்தால் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

“அடுத்த குழந்தைக்கு ஆசைப்படுகிறோம், ஹஜ்ரத். கர்ப்பம் தரித்தவுடனே தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால், பெண் குழந்தைக்கு அந்த உறுப்புக் கோளாறு வராமல் தடுக்கலாமாம். வெளிநாட்டில் செய்கிறார்களாம். இது கூடுமா, கூடாதா?” என்றார்.

“உங்கள் வீட்டில் இதுபற்றி என்ன சொல்கிறார்கள், தம்பி?” என்று கேட்டேன்.

சற்று நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “உம்மாவும் நானும்தான் பேசினோம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை” என்றார்.

அவர் சொன்ன சிகிச்சை உண்மையில் உள்ளதே. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகர மருத்துவர்கள் இதனை 1984-இல் அறிவித்தனர். உடலில் இயல்பாகச் சுரக்கும் கார்ட்டிசாலை நஞ்சுக்கொடி பெரும்பாலும் செயலிழக்கச் செய்துவிடுகின்றது. டெக்ஸாமெத்தசோனை அவ்வாறு தடுப்பதில்லை. ஆகவேதான் இம்மருந்தைத் தேர்ந்தனர். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கின்றது. வெளியுறுப்பு உருவாகத் தொடங்குமுன்னர், ஒன்பதாவது வாரத்துக்குள், மருந்தைத் தொடங்கியாக வேண்டும். நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துச் சோதித்து நோய் உண்டா என்று அறிவதோ பத்தாவது வாரத்துக்குப் பின்னரே. அதாவது நோய் உண்டா இல்லையா என்று தெரியுமுன்பே மருந்து தொடங்கிவிட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். பெற்றோர் இருவரும் இந்நோய்க்கான மரபுக் கூற்றைச் சுமப்பவர்களாயின், பிறக்கும் குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு நோய் வரலாம். நோயுற்றவற்றுள் பாதி ஆண். ஆண் குழந்தைக்கு உறுப்புக் கோளாறு இல்லை. ஆகவே எட்டுக் கருக்களில் ஒன்றுக்கு மட்டுமே இம்மருந்தால் பயன். மற்ற ஏழில் ஆறுக்கு அந்நோயே இல்லை; ஒன்று நோயிருந்தும் இம்மருந்தால் பயன்பெறாத ஆண். இந்த ஏழும் சில வாரங்கள் வலிய ஸ்டீராய்டில் ஊற வேண்டும், எட்டாவதன் பொருட்டு. அந்த எட்டாவது பெண்ணுக்கும் நோய் தீர்வதில்லை. பிறந்தபின் அவளும் ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்கவே வேண்டும். மாறுவது உறுப்பின் தோற்றம் மட்டுமே.

ஒருவருக்காக மற்றவரை இடருக்கு உள்ளாக்கலாமா என்பது நம் முன்னோர் ஆராயாத வினா அன்று. இமாம் கஸ்ஸாலி அவர்கள் ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் நூலில் பொதுநலத்தின் எல்லையை வகுக்கும்போது ஒரு கப்பலைக் காட்டுகின்றார். கப்பல் மூழ்குகின்றது, ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர் பிழைப்பர், சீட்டுப் போட்டு எறியலாமா? கூடாது என்பது அவர் தீர்ப்பு. தேவை உயிர்த் தேவையாக இருத்தல், பயன் ஐயத்துக்கு இடமின்றி உறுதியாக இருத்தல், அது சமூகம் முழுமையையும் தழுவியதாக இருத்தல் என மூன்று நிபந்தனைகளை அவர் விதிக்கின்றார். கப்பலிலுள்ள சிலர் சமூகம் முழுமையும் ஆகார். நம் வினா இதனினும் வேறுபட்டது என்பதை ஒப்புகின்றேன். இங்கு எவரும் கடலில் எறியப்படவில்லை. ஏழு கருக்களும் பெரும்பாலும் நலமாகவே பிறக்கும். ஆனால் அந்த நிபந்தனைகளைக் கொண்டு இதனை உரைத்துப் பார்த்தால், ஒன்றுகூடத் தேறவில்லை. உயிர்த் தேவை இல்லை. உறுதியும் இல்லை. பலருக்காக ஒருவர் என்பதற்கே தயங்கிய இமாம், ஒருவருக்காக எழுவர் என்பதை எவ்வாறு நோக்கியிருப்பார்!

“போலியோ சொட்டு மருந்தை ஆயிரம் குழந்தைகளுக்குக் கொடுப்பது, நோய் வரவிருந்த ஒரு சிலருக்காகத்தானே?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் அந்த ஆயிரம் குழந்தைகளில் ஒவ்வொன்றையும் அந்நோய் பற்றக்கூடும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பாதுகாப்பைப் பெறுகின்றது. இங்கு ஏழும் பெறுவது ஒன்றுமில்லை. தமக்கு இல்லாத நோய்க்கான மருந்தை, தம்மைக் கேளாமலே, மூளையும் உறுப்புகளும் உருவாகும் வாரங்களில் அவை ஏற்கின்றன.

அதனால் தீங்கு உண்டா? ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அவ்வாறு மருந்து பெற்ற குழந்தைகளை வளர்ந்தபின் தேடிச் சோதித்தனர். நோயே இல்லாதிருந்தும் மருந்து பெற்ற குழந்தைகளின் நினைவாற்றலில் சிறு குறை காணப்படுவதாக 2007-இல் எழுதினர். 2012-இல், இச்சிகிச்சையைத் தம் நாட்டில் நிறுத்திவிட்டதை அறிவித்தனர். இன்னும் வளர்ந்தோரிடம் பின்னர் ஆய்ந்தபோது அக்குறை அத்துணைத் தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் அவர்களே நேர்மையுடன் பதிவு செய்தனர். அமெரிக்க இயக்குநீர் மருத்துவர் சங்கம் 2010-இலும் 2018-இலும் வெளியிட்ட வழிகாட்டிகளில் இதனைச் சோதனை நிலையிலுள்ள சிகிச்சை என்றே வகைப்படுத்தி, ஒழுங்குமுறையுள்ள ஆய்வுக்கு வெளியே கொடுக்கலாகாது என்றது. கருவில் புகுந்த மருந்தின் கணக்கு இருபதாண்டு கழித்தும் வரக்கூடும். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940-களிலிருந்து அமெரிக்கத் தாய்மார்க்கு டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மாத்திரை கொடுக்கப்பட்டது. 1971-இல் பாஸ்டன் மருத்துவர்கள், இளம்பெண்களுக்கு வரவே வராத ஓர் அரிய புற்றுநோய் எட்டுப் பேருக்கு வந்திருப்பதை ஆராய்ந்தனர். அவர்களுள் ஏழு பேரின் தாய்மார் அந்த மாத்திரையை உண்டிருந்தனர்.

கஸ்ஸாலி இமாம் ‘இஹ்யா’வில் நோய் நீக்கும் வழிகளை மூன்றாகப் பகுப்பார். பசிக்கு ரொட்டி போல் பயன் உறுதியானவை. வைத்தியர் அனுபவத்தால் பெரும்பாலும் பலன் தரும் என்று கருதப்படுபவை. வெறும் ஊகமாக நிற்பவை. குறைமாதப் பிரசவ ஊசி, இடமறிந்து போடப்பட்டால், இரண்டாம் வகையின் உச்சியில் நிற்கின்றது. எட்டில் ஒன்றுக்கான மருந்து எங்கே நிற்கின்றது? உறுப்பின் தோற்றத்தை மாற்றுவதில் அதற்குப் பலன் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏழின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எந்த வகையிலும் சேராது. பலனே இல்லாத இடத்தில் பலனின் உறுதியைப் பற்றி என்ன பேசுவது?

இப்பொழுது தாயிடம் வருவோம். தம்பி கேட்ட கேள்வியில் அவர் மனைவி இல்லாமற் போனது எனக்கு வியப்பளிக்கவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் அவ்வாறுதான் நடக்கின்றது. ஆனால் நம் மார்க்கச் சட்டம் அவ்வாறு அவளைக் கடந்து செல்லவில்லை. ரமளான் நோன்பின் சட்டத்தைப் பாருங்கள். கர்ப்பிணி நோன்பை விடலாம். தன் உடலுக்கு அஞ்சி விட்டால், பின்னர் அதனைக் களாச் செய்தால் போதும். வயிற்றிலுள்ள குழந்தைக்கு மட்டும் அஞ்சி விட்டால், ஷாஃபிஈ மத்ஹபின்படி களாவோடு ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இரண்டுக்கும் களா மட்டுமே. நம் வாசகர்களில் இரு மத்ஹபினரும் உளர். இதில் எது வலுவானது என்னும் விவாதத்துக்குள் இங்கு நான் புகவில்லை. நான் சுட்ட விரும்புவது, ஓர் உடலுக்குள் இரு நலன்கள் இருப்பதையும், ஒன்றுக்காக மற்றொன்று நெகிழ்வதையும், அது வேறு கணக்கில் எழுதப்பட வேண்டியதோ என்பதையும் சட்ட வல்லுநர்கள் ஸ்கேன் கருவிக்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னரே எண்ணிப் பார்த்தனர் என்பதே. தந்தை இறந்தால் ஜனீனுக்கு உரிய சொத்துப் பங்கை நிறுத்தி வைக்கச் சொன்னதும் அவர்களே. கருவுக்கு உரிமை உண்டு என்று சொன்னவர்கள், கருவைச் சுமப்பவளை வெறும் பாத்திரமாக்கவில்லை. நோன்பை விடுவதற்குக் காரணமாகும் அச்சம், அவள் நெஞ்சில் எழுந்த அச்சம்.

டெக்ஸாமெத்தசோன் மாதக்கணக்கில் உண்ணும் தாய்க்கு உடல் பருக்கலாம், முகம் வீங்கலாம், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறலாம், உறக்கம் கெடலாம். நோயில்லாத ஒருத்தி தன் குழந்தைக்காக இவற்றை ஏற்க முன்வந்தால் அது ஈகை. ஈகையைப் பிறர் கட்டளையிட்டுப் பெற இயலாது. மாமியாரும் கணவரும் கூடி முடிவு செய்துவிட்டு, மாத்திரையை மட்டும் அவள் உள்ளங்கையில் வைப்பது எவ்வகையிலும் முறையாகாது. குறைமாத வலியில் துடிப்பவளிடம் நீண்ட விளக்கம் கூற நேரமில்லை. அங்கும் ஒரு வாக்கியம் சொல்லி ஊசி போடலாம். இங்கோ, அவள் இன்னும் கர்ப்பமே ஆகவில்லை. பேசுவதற்கு எவ்வளவோ காலம் கிடக்கின்றது.

முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன செய்தி இங்கு வருகின்றது. இம்மருந்து ஆணுக்குத் தேவையில்லை. நோயற்ற பெண்ணுக்கும் தேவையில்லை. ஆகவே சோதனை முடிந்தபின் மருத்துவர் ‘நிறுத்துங்கள்’ என்பார், அல்லது ‘தொடருங்கள்’ என்பார். மரபு வழி நோயைக் கண்டறியும் சோதனைக்குச் சட்டம் இடம் தருகின்றது; பாலினத்தைத் தெரிவிக்கத்தான் தடை. ஆனால் ‘தொடருங்கள்’ என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள்? வயிற்றிலிருப்பது பெண்; அதிலும் நோயுள்ள பெண். சேலத்து மண்ணில் இவ்விரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் ஒரு குடும்பத்தின் காதில் போடுவதென்றால், அக்குழந்தை பிறக்குமா என்பதே கேள்வியாகிவிடும் வீடுகள் இல்லையென்று என்னால் சொல்ல இயலவில்லை. குணப்படுத்தவென்று தொடங்கிய மருந்து, காட்டிக்கொடுக்கும் மருந்தாகிவிடக் கூடாதன்றோ?

இன்னும் ஆழ்ந்து நோக்கினால், இம்மருந்து தீர்க்க முயல்வது எதனை? உயிருக்கு ஆபத்தான உப்பிழப்பை அது தீர்ப்பதில்லை. தோற்றத்தைத் திருத்துகின்றது. அக்கம் பக்கத்தார் என்ன சொல்வர், நாளை எவன் கட்டுவான் என்னும் அச்சம் இதன் பின்னே நிற்கின்றது. ஃபிக்ஹு நூல்களில் ‘குன்ஸா’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆணா பெண்ணா என்று புறத்தோற்றத்தால் துணிய முடியாதவர்க்குச் சொத்தில் எத்துணைப் பங்கு, தொழுகை அணியில் எங்கே நிற்பது, மரணித்தால் குளிப்பாட்டுவது எவ்வாறு என்றெல்லாம் அதில் விரிவாக உள்ளது. ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் இடையே அவர்க்கென்று ஓர் இடத்தை நம் முன்னோர் வரைந்து வைத்தனர். இந்நோயுள்ள பெண்ணோ அந்த அதிகாரத்துக்குக்கூட உரியவள் அல்லள். அவள் பெண்ணே, தாயாகக்கூடியவளே. அணியில் இடம் தந்த சமுதாயம், ஊர்வாய்க்கு அஞ்சித் தாயின் வாயில் மருந்தைத் திணிப்பதை என் மனம் ஏற்கவில்லை.

அந்தத் தாயின் அச்சத்தை நான் எளிதாக எடைபோடவில்லை. மூத்த மகளை அறுவைச் சிகிச்சைக்குத் தூக்கிச் சென்றவள், இரண்டாவது மகளுக்கும் அது வேண்டாமே என்று ஏங்குவது இயல்பு. அந்த ஏக்கத்துக்கு வருங்காலம் நல்ல விடை தரலாம். தாயின் இரத்தத்தில் மிதக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டே, ஆறாவது வாரத்தை ஒட்டி இந்நோயைக் கண்டறிய இயலும் என்று 2014-இல் நியூயார்க், ஹாங்காங் ஆய்வாளர்கள் காட்டினர். அது எங்கும் நம்பத்தக்க முறையில் கிடைக்குமானால், ஏழு கருக்களும் விலகிவிடும். எட்டாவதற்கு மட்டுமே மருந்து. அப்பொழுது இவ்வழக்கின் முகமே மாறிவிடும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயிண்ட் ஜூட் மருத்துவமனை 2025-இல் அறிவித்த நிகழ்ச்சி இதற்கு ஒரு முன்னோட்டம். தசைகள் நலியும் கொடிய முதுகுத்தண்டு நோயால் முதல் குழந்தையை இழந்த பெற்றோர் அவர்கள். அடுத்த கருவுக்கும் அந்நோய் உண்டு என்று பனிக்குட நீரைச் சோதித்து உறுதி செய்தபின், தாய் கடைசி ஆறு வாரங்கள் ரிஸ்டிப்லாம் என்னும் மருந்தை உட்கொண்டாள். பிறந்த குழந்தையிடம் இரண்டரை வயது வரை அந்நோயின் அடையாளம் காணப்படவில்லை. ஒரே குழந்தையின் கதை என்பதால் அதன்மேல் பெரிய மாளிகை கட்ட வேண்டாம். ஆனால் முறையைப் பாருங்கள். அறிவு முன்னே சென்றது. மருந்து பின்னே வந்தது. நோய் உயிர்க்கொல்லி. விரும்பி ஏற்றவள் தாய்.

தம்பிக்கு நான் சொன்ன விடை இதுதான்: இன்றுள்ள நிலையில் இதனைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, எனினும் முடிவெடுக்கும் சபையில் முதலிடம் உங்கள் மனைவிக்கு. இருவரும் சேர்ந்து மரபியல் மருத்துவரைப் பாருங்கள். அவள் கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும். அவர் மறுத்துப் பேசவில்லை.

அதனினும் அவசரமான ஒன்றை அவரிடம் வற்புறுத்தினேன். இவ்விதழின் வாசகர்களுக்கும் அது உதவும். இந்நோயுள்ள ஆண் குழந்தை பார்வைக்கு எக்குறையும் இன்றிப் பிறக்கும். எவரும் ஐயுறார். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி எடுக்கும், பால் குடிக்காது, உடலின் உப்பு வெளியேறி வாடும். வயிற்றுப்போக்கோ செரிமானக் கோளாறோ என்று எண்ணிக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கையில் உயிர் பிரிந்துவிடும். சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில், பிறந்து சில வாரங்களில் காரணம் தெரியாமல் இறந்த ஆண் மகவு ஒன்றிரண்டு உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட கணக்கில், நாட்டில் சராசரியாக 5762 குழந்தைகளுக்கு ஒன்று என்றிருந்த இந்நோய், சென்னையில் 2036-க்கு ஒன்றாக இருந்தது. கருவில் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் அந்த ஆண் குழந்தைகளுக்கு எதுவும் செய்யாது. குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் போதும், நோயைக் காட்டிக்கொடுக்க. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் அதனை எடுத்துத் தாளில் ஒற்றி அனுப்புகின்றனர். கேரள அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை உண்டு. வேறு பல இடங்களில் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டிய நிலைதான். மூத்த குழந்தைக்கு இந்நோய் இருந்தால், பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முடிவு வரும்வரை குழந்தையின் எடையையும் உப்பளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். உறுதியானால் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையைத் தூளாக்கிப் பாலாடையில் கரைத்துப் புகட்டலாம், அந்தக் குழந்தையின் வாயிலேயே.